நான்காம் வரியில் புலி

அலமாரியின் மேல்தட்டில் இருந்த மோடத்துக்கு ஐந்து கண்கள். நான்கு சும்மா எரியும். ஐந்தாவது மட்டும் ஓயாமல் சிமிட்டும். மூன்று வாரமாகக் கூடத்தில் மெத்தையைத் தரையில் போட்டு மல்லாந்து கிடந்த மெதுவாண்ணனுக்கு அந்த ஐந்தாவது கண்மேல் ஒரு சந்தேகம். வீட்டில் யாரும் எதையும் தொடாத நேரத்திலும் அது எதற்காகச் சிமிட்டுகிறது? யாரோடு பேசுகிறது?

மெதுவாண்ணன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சரக்குக் கிடங்கில் சுமை இறக்குகிறவர் அவர். தூக்குவண்டி வரும்போதெல்லாம் முன்னால் நின்று கையை ஆட்டி, "மெதுவா, மெதுவா" என்று கத்துவது அவர் வேலை. இருபத்தாறு வருடம் ஒரே வார்த்தையைக் கத்தினால் அதுவே ஆளுக்குப் பெயராகிவிடும். மஞ்சள் கருப்புக் கோடு போட்ட தூக்குவண்டியை ஓட்டுகிறவனுக்கு அதே கணக்கில் புலி என்று பெயர்.

அந்தப் புலிதான் மூன்று வாரத்துக்கு முன்னால், மெதுவாண்ணன் கையை எடுக்கும் முன்பே வண்டியைத் திருப்பினான். பெட்டி அடுக்கு சாய்ந்தது. இவர் தோளைக் கொடுத்துத் தாங்கினார். முதுகில் கடக்கென்று ஒரு சத்தம். சட்டைப்பையில் இருந்த பட்டன் போன் அப்பளமாக நொறுங்கியது. ஆறு வாரம் ஒரு குடத்தைக்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கிடங்கே திரண்டு வந்து பார்த்தது. சரக்குச் சீட்டு எழுதுகிற சீட்டுக்காரர் ஒரு பழைய டச் போனைக் கொண்டுவந்து, "எல்லாரும் சேர்ந்து குடுத்தது, வச்சுக்க" என்று தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். புலி மட்டும் வரவில்லை. வந்தால் கேட்பதற்கென்று மெதுவாண்ணன் சேர்த்து வைத்திருந்த நாலு கேள்வியும் தொண்டையிலேயே கிடந்தன.

கிடக்கிற ஆளுக்குப் பொழுது போக வேண்டுமே. ஜன்னலுக்கு வெளியே எதிர்மனையில் ஒரு கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு கிரேன். இத்தனை வருடம் தூக்கியவர், இன்னொருத்தன் தூக்குவதை உட்கார்ந்து பார்த்ததே இல்லை. பார்க்கப் பார்க்க ஆசை கூடியது. புது போனில் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டு, காலையில் அரை மணி நேரம் கிரேனைப் பிடிப்பார். பிடிக்கும்போது வாய் சும்மா இருக்காது.

இன்று காலையும் அப்படித்தான். "பாரு, கீழ நிக்கிறவன் கைய எடுத்து மூணு அடி பின்னால போன அப்புறம்தான் தூக்குறான். இவன்ல்லாம் மனுசன். நம்மகிட்ட ஒண்ணு இருக்கே, கழுத, பின்னால யாரோ தொரத்துற மாதிரி..."

"யார்கூடங்க பேசுறீங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"கிரேன்கூட."

"நல்லது. அதுவாவது பதில் பேசாம இருக்கும்."

அவள் குரலில் வழக்கமான கிண்டல் பாதிதான் இருந்தது. காரணம் அவருக்குத் தெரியும். அவளுக்கு வேலை வீட்டிலிருந்தே. ஓர் ஆஸ்பத்திரிக்கு வருகிற போன்களை உள்ளறைக் கம்ப்யூட்டர் வழியாக எடுத்து, எந்த டாக்டரை எந்த நேரத்தில் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும். மதியம் இரண்டிலிருந்து ஏழு. இந்த மூன்று வாரமாக, இரண்டேகால் இரண்டரை வாக்கில் குரல் உடையும். எதிர்முனையில் இருக்கும் நோயாளிக்குக் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போலக் கேட்கும். இரண்டு தடவை லைன் முழுசாகவே அறுந்துவிட்டது. காலையில் மேலாளர் அம்மா போனில் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவ அறுந்தா வீட்டு வேலை கிடையாதாம். நாளைக்கே ஆபீசுக்கு வந்துடணுமாம்" என்றாள், காய் நறுக்கியபடியே. "ரெண்டு பஸ் மாறணும். உங்கள இப்படியே போட்டுட்டு எப்படிப் போறது? தண்ணி மொண்டு குடிக்கவே ஆள் வேணும். போகலன்னா வீட்ல வர்ற ஒத்த சம்பளமும் நிக்கும்."

மெதுவாண்ணன் மோடத்தைப் பார்த்தார். ஐந்தாவது கண் சிமிட்டியது.

போன வாரம் நெட் இணைப்புக் கொடுத்த லைன்காரர் வந்து பார்த்தார். வெளியே கம்பத்திலிருந்து உள்ளே வரை எல்லாவற்றையும் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"லைன் சுத்தமா இருக்கு. வீட்டுக்குள்ளேருந்து யாரோ மொத்தத்தையும் இழுக்குறாங்க. இருங்க, ஒண்ணு காட்டுறேன்."

மகள் வேலைக்கு வேறு ஊர் போனபோது விட்டுச்சென்ற பழைய லேப்டாப்பில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து காட்டினார். "எல்லாம் பொட்டலம் பொட்டலமாத்தான் போகும் வரும். ஒவ்வொரு பொட்டலத்து மேலயும் சீட்டு ஒட்டியிருக்கும். எங்கேருந்து, எங்க, எந்தக் கதவு வழியா. மோடம் அந்தச் சீட்டைப் பாக்கும். யார விடணும், யாரத் தடுக்கணும்னு நீங்க இந்தக் கட்டத்துல எழுதி வச்சா, அதுபடி செய்யும்."

"பொட்டலத்தப் பிரிச்சுப் பாக்குமா?"

"பிரிக்காது. சீட்டு மட்டும்தான்."

அந்த இடத்தில்தான் மெதுவாண்ணனுக்கு மின்சாரம் பாய்ந்தது போல் ஆனது. இது கிடங்கு வாசல்தானே! இருபத்தாறு வருடம் அவர் தூக்கிய பெட்டி ஒன்றையாவது பிரித்துப் பார்த்திருக்கிறாரா? சீட்டு சொல்லும் கதவுக்குக் கொண்டுபோவார், வைப்பார். அந்தச் சீட்டைப் படிப்பதற்காகவே நாற்பத்தொரு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர் அவர். தமிழ் எழுத்து வந்துவிட்டது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளும் எண்களும் வரும். லைன்காரர் போவதற்கு முன்பு ஓர் அட்டைத் துண்டில், 'அலோ என்றால் விடு, டினை என்றால் தடு, கடைசியில் சேவ் அமுக்கு' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அட்டை ஒரு வாரமாகத் தலையணைக்கு அடியில் கிடந்தது. பயம்தான். இன்று பயப்பட நேரமில்லை.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, லேப்டாப்பைத் தொடைமேல் வைத்தார். மணி பன்னிரண்டரை. அட்டையின் பின்பக்கம் லைன்காரர் எழுதியிருந்த மோடத்தின் எண்ணையும் கடவுச்சொல்லையும் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பக்கம் திறந்தது. முதலில் 'வீட்டில் உள்ளவை' என்று லைன்காரர் காட்டிய பட்டியல். நான்கு எண்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெயர்.

முதலாவது உள்ளறைக் கம்ப்யூட்டர். ஆஸ்பத்திரியின் பெயர் போட்டிருந்தது. இரண்டாவது மனைவியின் போன். மூன்றாவது மகளின் பெயரில் இந்த லேப்டாப். நான்காவது எண் இருபத்து மூன்றில் முடிந்தது. பக்கத்தில் நாலே எழுத்து. அவர் விரலை வைத்துக் கூட்டினார். பி. யு. எல். ஐ.

மறுபடி கூட்டினார். மூன்றாம் முறையும் அதுவேதான் வந்தது.

புலி.

நாலு தெரு தள்ளி இருக்கிறவன். ஒரு நாள் எட்டிப் பார்க்காதவன். அவன் எப்படி இந்த வீட்டு லைனில் வந்து உட்கார்ந்தான்? பெட்டி சாய்த்தது போதாதென்று இங்கேயும் ஏறிவிட்டானா? மெதுவாண்ணனுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தை முந்திக்கொண்டு வந்தது வேறொன்று. எப்படி? சுவர் தாண்டியா, கம்பி வழியாகவா, காற்றில் நாலு தெரு பறந்து வருமா? தெரிந்துகொள்ளாமல் இன்றைக்குச் சோறு இறங்காது.

மனைவியிடம் சொல்லவில்லை. புலி பெயரை எடுத்தாலே அவள் கரண்டியோடு கிளம்பிவிடுவாள்.

"மொதல்ல வாசல மூடுவோம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். விதி எழுதும் கட்டத்தைத் திறந்தார். எழுதுவது எப்படி என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கிடங்குப் பலகையைத் தினமும் பார்த்தவர். காலையில் சூப்பர்வைசர் சாக்பீஸால் எழுதுவார்: 'மூன்றாம் கதவு மூடல்.' பதினோரு மணிக்கு அதன் கீழே எழுதுவார்: 'உரவண்டிக்கு மட்டும் மூன்றாம் கதவு திறப்பு.' கீழே இருப்பதுதான் புதுசு, கீழே இருப்பதுதான் செல்லும். மேலே உள்ளதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவன் கிடங்குக்கே புதுசு.

ஆகவே முதல் வரி: யாராக இருந்தாலும், எங்கே போனாலும், டினை. இரண்டாம் வரி: ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர், அலோ. மூன்றாவது: மனைவி போன், அலோ. நான்காவது: லேப்டாப், அலோ. புலிக்கு வரி கிடையாது. வரி இல்லாதவனுக்கு முதல் வரிதான். விரல் ஒவ்வொரு எண்ணையும் தேடித் தேடி அமுக்கியதில் ஒரு மணி நேரம் போனது. நெற்றி வியர்த்தது, ஆனால் முதுகு வலி நினைவுக்கே வரவில்லை.

சேவ்.

ஐந்தாவது கண் சிமிட்டுவதை நிறுத்தியது. மெதுவாண்ணன் மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

சிரிப்பு எட்டு நிமிடம் இருந்தது.

"என்னங்க!" உள்ளறையிலிருந்து குரல் கிழித்துக்கொண்டு வந்தது. "நெட்டே இல்ல! சுத்தமா இல்ல! என் போன்லயும் இல்ல!"

அவள் தலைமாட்டில் வந்து நின்றாள். காதில் மாட்டுகிற கருவி கழுத்தில் தொங்கியது. கண் மோடத்தைப் பார்த்து, லேப்டாப்பைப் பார்த்து, புருஷனைப் பார்த்தது.

"அத நோண்டுனீங்களா?"

"நோண்டல. ஒழுங்கு பண்ணினேன்."

"மணி ஒண்ணே முக்கால். ரெண்டு மணிக்கு நான் உள்ள உக்காந்திருக்கணும். போட்டத அழிச்சுத் தொலைங்க!"

"அழிச்சா மறுபடி ரெண்டேகாலுக்கு உடையும். உடைஞ்சாலும் வேலை போகும்ல?"

"உடையறது அப்புறம். இப்ப ஆரம்பிக்கவே முடியலயே!"

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்தாலும் அவர் அழிக்கும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோகவில்லை. எங்கே தப்பு? நான்கு வரியும் சரி. எண்ணும் சரி. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் வரிகளின் வலதுகோடியில் ஒரு சின்ன எண்ணிக்கை ஓடுவது கண்ணில் பட்டது. முதல் வரிக்கு நேராக 318. இரண்டாவதற்கு 0. மூன்றாவதற்கு 0. நான்காவதற்கும் 0.

"நீ போய் உன் கம்ப்யூட்டர்ல எதையாவது அமுக்கு."

"எதுக்கு?"

"அமுக்கும்மா. சொல்றேன்ல."

அவள் போய் அமுக்கினாள். 318 என்பது 326 ஆனது. இரண்டாவது வரி அசையவில்லை.

"இன்னொரு தடவ!"

334. இரண்டாவது வரி பூஜ்யத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அவள் அனுப்பிய பொட்டலம் அவளுக்கென்று எழுதிய வரிக்கு வந்து சேரவே இல்லை. முதல் வரியே எல்லாரையும் மடக்கிவிடுகிறது. மெதுவாண்ணனுக்குக் கிடங்கு வாசலில் லீவுக்கு மாற்றாக வந்த ஒரு காவல்காரர் ஞாபகத்துக்கு வந்தார். கையில் தாளைக் கொடுத்தால் முதல் வரியில் 'வண்டி அனுமதி இல்லை' என்று இருக்கும். உடனே கையை நீட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். கீழே 'தவிர' என்று பத்து வண்டி எண் இருக்கும். அதுவரை கண்ணே போகாது. அன்றைக்கு அவரால் ஒரு கிலோமீட்டருக்கு வண்டி நின்றது.

"அடப்பாவி! நீ பலகை இல்ல, அந்த ஆளு!" என்றார் மோடத்தைப் பார்த்து.

"என்னது?" என்றாள் உள்ளேயிருந்து.

"இது மேலேருந்து படிக்குது. தனக்கு ஒத்துப்போற மொத வரியிலயே நின்னுடுது. அதுக்குக் கீழ என்ன எழுதியிருந்தாலும் பாக்கவே மாட்டேங்குது. நான் தலைகீழா எழுதிட்டேன்."

"மணி ஒண்ணு அம்பத்தி மூணுங்க!"

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மேலே ஓர் அம்பு, கீழே ஓர் அம்பு. இவ்வளவு நேரம் அது அலங்காரம் என்று நினைத்திருந்தார். முதல் வரியின் கீழ் அம்பை அமுக்கினார். டினை ஒரு படி இறங்கியது. ஆஸ்பத்திரி மேலே ஏறியது. இன்னொரு அமுக்கு. இன்னொன்று. டினை கடைசி வரியாகப் போய் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சேவ் அமுக்கினார்.

ஐந்தாவது கண் ஒரு கணம் யோசித்தது. பிறகு சிமிட்டியது.

எண்ணிக்கை எல்லாம் பூஜ்யத்துக்குத் திரும்பியது. முதல் வரியில் பூஜ்யம் ஒன்றானது. ஒன்பதானது. நாற்பதானது.

"வந்துருச்சு!" உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். சரியாக மூன்று நிமிடம் மிச்சம் வைத்து அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், "வணக்கம், சொல்லுங்க, எந்த டாக்டரப் பாக்கணும்?" என்று அந்த வேலைக்குரல் கேட்டது. வீட்டில் அவள் ஒருநாளும் பேசாத குரல்.

மெதுவாண்ணன் தட்டில் மூடி வைத்திருந்த சோற்றை மடியில் வைத்துத் தின்றார். பிறகு தினமும் செய்வது போலப் போனை எட்டிச் சார்ஜில் குத்தினார். தினமும் அதற்கப்புறம் கண்ணை மூடிவிடுவார். இன்று மூடவில்லை. லேப்டாப்பைப் பார்த்தார்.

கடைசி வரியின் எண்ணிக்கை ஓட ஆரம்பித்திருந்தது. 12. 15. 21. யாரோ வாசலில் முட்டி முட்டித் திரும்புகிறார்கள். பக்கத்தில் எண் காட்டியது: இருபத்து மூன்று.

மணி இரண்டு ஐந்து. தினமும் இவனால்தானா?

சார்ஜிலிருந்து போனைப் பிடுங்கினார். புலியின் எண் அவருக்கு மனப்பாடம். எழுதத் தெரியாத காலத்தில் எல்லா எண்ணையும் தலையில்தான் வைத்திருந்தார்; இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டான்.

"ஹலோ, யாருங்க?"

"நான்தான்." உள்ளறையில் அவள் நோயாளியோடு பேசிக்கொண்டிருந்தாள். சண்டையை ரகசியக் குரலில்தான் போட வேண்டியிருந்தது.

"மெதுவாண்ணே..."

"என்னடா மெதுவாண்ணே. வீட்டு வாசல மிதிக்க வக்கில்ல, எங்க லைன்ல மட்டும் வந்து சம்மணம் போட்டு உக்காந்திருக்கியா?"

"லைன்லயா? நான் மூணாம் கதவுல வண்டி மேல உக்காந்திருக்கேண்ணே."

மெதுவாண்ணன் லேப்டாப்பைப் பார்த்தார். எண்ணிக்கை 87-இல் நின்றுவிட்டது. அசையவில்லை.

"பாத்தியா! நான் கேட்டதும் நிறுத்திட்ட!"

"எத நிறுத்தினேன்? வண்டிதான் நிக்குது. சீட்டு வரல."

"நடிக்காதடா" என்று வைத்தார். போனைத் திரும்பச் சார்ஜில் குத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். பார்வை திரும்பினால், 88. 91. 97.

மறுபடியும் ஆரம்பித்துவிட்டான்! பிடுங்கினார், கூப்பிட்டார். எண்ணிக்கை நூற்று நான்கில் நின்றது.

"ஏன்டா, நான் வச்சதும் ஆரம்பிக்கிற, கூப்பிட்டதும் நிறுத்துற. எங்கேருந்துடா பாக்குற என்னை?"

"அண்ணே, முதுகுலதானே அடி? தலையில ஒண்ணும் இல்லல்ல?"

"டேய்!"

"கோவிச்சுக்காதீங்க. நெசமாத்தான் கேக்குறேன்."

மெதுவாண்ணன் வைத்துவிட்டுச் சார்ஜில் குத்தினார், எண்ணிக்கை மறுபடி ஓடியது; ஆனால் மூன்றாம் முறை உடனே கூப்பிடவில்லை. ஏதோ ஒன்று உறுத்தியது. பெட்டியின் ஒரு மூலை மட்டும் கனமாக இருந்தால் தோளுக்கு உடனே தெரியுமே, அந்த மாதிரி. புலியைக் கூப்பிடாமலே போனைச் சார்ஜிலிருந்து பிடுங்கினார். எண்ணிக்கை நின்றது. குத்தினார். ஓடியது. பிடுங்கினார். நின்றது. கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் மூலையில் மஞ்சள் பெயின்ட் ஒரு சொட்டு. இவ்வளவு நாள் அதை அவர் பார்த்ததே இல்லை.

கூப்பிட்டார். இப்போது குரலில் சூடு இல்லை.

"புலி. இந்த போன் யாருது?"

புலி வண்டியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. பின்னால் கிடங்கின் இரைச்சல்.

"சீட்டுக்காரர் என்னண்ணே சொன்னாரு?"

"எல்லாரும் சேர்ந்து குடுத்ததுன்னாரு."

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். என் பேரச் சொன்னா ஜன்னல் வழியா வீசிருப்பீங்க. என் பழைய போன்தான் அது. வாங்கின புதுசுல என் பேரையே அதுக்கு வச்சேன். எப்படி மாத்துறதுன்னு தெரியல, அப்படியே குடுத்துட்டேன்."

மெதுவாண்ணன் சுவரில் தலையைச் சாய்த்தார். ஆக நாலு தெரு தாண்டி யாரும் வரவில்லை. அவரே, அவர் கையாலேயே, தினமும் மதியம் சோறு தின்றுவிட்டுப் பெண்டாட்டியின் லைனை இழுத்திருக்கிறார்.

"அது எதடா இழுக்குது? நான் நெட்டே பாக்குறதில்லயே."

"சார்ஜ் போட்டா, பிடிச்ச படத்தயெல்லாம் நெட்ல மேல ஏத்தி வைக்கும்ண்ணே. என் கணக்கும் அதுலயே இருக்கு. அதுனால..." புலி தொண்டையைச் செருமினான். "தினமும் ரெண்டு மணிக்கு மேல உங்க கிரேன் என் புது போனுக்கு வந்துரும்."

"எந்தக் கிரேன்?"

"நீங்க பிடிக்கிறதுதான்."

மெதுவாண்ணனின் காது சூடானது. "படம் மட்டுமா?"

"பேச்சும்தாண்ணே. கழுதன்னீங்க. எருமன்னீங்க. போன வியாழக்கெழம எங்க அப்பாவையும் இழுத்தீங்க. அவர் பாவம், அவருக்கு வண்டியே ஓட்டத் தெரியாது."

மெதுவாண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் முதுகு இழுக்கும். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரிப்பு அடங்க நேரமானது.

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவீங்க. வீட்டுக்கு வர மூஞ்சி இல்ல. நீங்க எப்படி இருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? மொத வாரம் திட்டுறப்ப நடுவுல நடுவுல மூச்சு வாங்குச்சு. இப்ப ஒரே மூச்சுல திட்டுறீங்க. சரி, தேறிட்டாருன்னு நெனச்சுக்குவேன்."

மெதுவாண்ணன் சேர்த்து வைத்திருந்த நாலு கேள்வியில் மூன்று எங்கே போயின என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் இருந்தது.

"அன்னைக்கு நான் மெதுவான்னு கத்தினேன். கேட்டுச்சா, கேக்கலயா?"

"கேட்டுச்சுண்ணே." உடனே சொல்லிவிட்டான். "ரெண்டு வண்டி காத்துட்டு இருந்துச்சு. நீங்க கைய எடுத்துருப்பீங்கன்னு நெனச்சுத் திருப்பிட்டேன். பாக்கல. பாத்துருக்கணும்."

உள்ளறையில் அவள் யாருக்கோ வியாழக்கிழமை பத்து மணி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் உடையவே இல்லை.

"சரி, வை. சீட்டு வந்துருக்கும்" என்றார் மெதுவாண்ணன்.

ஏழு மணி வரை லைன் ஒரு தடவைகூட அறுபடவில்லை. ஐந்து மணிக்கு வெயில் சாய்ந்ததும் அவர் இன்னொரு தரம் கிரேனைப் பிடித்தார். அப்புறம் லேப்டாப்பில் ஒரு புது வரி எழுதினார். எண் இருபத்து மூன்று, அலோ. நேரம் என்றொரு கட்டம் இருப்பதையும் கண்டுபிடித்து, ஏழுக்கு மேல் என்று போட்டார். புது வரி தானாகவே கடைசியில், டினைக்குக் கீழே போய் ஒட்டிக்கொண்டது. அங்கே இருந்தால் அதை யாரும் படிக்கப்போவதில்லை என்று இப்போது அவருக்குத் தெரியும். மேல் அம்பை ஒரு தடவை அமுக்கினார். புலி நான்காம் வரிக்கு ஏறினான்.

மனைவி கதவைத் திறந்து, கழுத்தைச் சொடுக்கியபடி வந்தாள். "ஒரு தடவகூட உடையலங்க. மேலாளர் அம்மாவே கேட்டாங்க, என்ன பண்ணினீங்கன்னு. யாருங்க அது இத்தன நாளா இழுத்தது?"

"நான்தான்."

"நீங்களா?"

போனைக் காட்டினார். "இது. எப்படி லைனுக்குள்ள போச்சுன்னுதான் இன்னும் புரியல. நான் பாஸ்வேர்டே போடலயே."

அவள் நாக்கைக் கடித்தாள். "போன் வந்த அன்னைக்கே நான்தான் போட்டேன். எதுக்கும் இருக்கட்டுமேன்னு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது அவள்தான்.

"போனைக் குடுத்தது புலி" என்றார் அவர், அந்தச் சிரிப்பு இருக்கும்போதே.

சிரிப்பு நின்றது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கிரேன் அன்றைய வேலையை முடித்துக் கையை மடக்கியிருந்தது. "வரட்டும், கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள். வரக்கூடாது என்று சொல்லவில்லை.

மெதுவாண்ணன் போனைச் சார்ஜில் குத்தினார். நான்காம் வரியின் எண்ணிக்கை, பூஜ்யத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. 6. 19. 40. மோடம் சீட்டை மட்டும் பார்த்து ஒவ்வொரு பொட்டலமாக விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். சாயங்கால வெயிலில் ஒரு கிரேன். அதற்குப் பின்னால் அவர் குரல்:

"டேய் புலி, ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. வண்டில வராத, நடந்து வா. மெதுவா வா."